மூன்று நாட்களுக்குள் நேரில் விளக்கவும்

படிங்க சார், படிங்க. நான் வந்து உக்காந்தேன்னு புத்தகத்த மூட வேண்டாம். பஸ்ல படிக்கிற ஆளப் பாத்தா எனக்குத் தானா ஒரு மரியாதை வந்துடும். எல்லாரும் செல்லத் தேச்சுக்கிட்டு இருக்கற காலத்துல ஒருத்தர் புத்தகம் வெச்சிருக்காருன்னா சும்மாவா? எத்தனாவது பக்கம்? நூத்திப் பன்னெண்டா? சரி, அடையாளம் வெச்சு மூடிடுங்க. ரெண்டு வார்த்தை பேசிக்கிட்டே போவோம்.

தினம் படிக்கணும், தினம் எழுதணும். இந்த ரெண்டையும் விடாம செஞ்சா பேச்சு தானா வரும் சார். யாருகிட்ட எத எப்படிச் சொல்லணும்ங்கற தெளிவு வரும். இது எங்கயோ படிச்சுட்டுச் சொல்லல. இருபத்தாறு வருஷ அனுபவம். என் பேர் கலியபெருமாள். பஸ் டிப்போ ஆபீஸ்ல இருக்கேன், மெமோ செக்‌ஷன். டிரைவர் கண்டக்டருக்கு மெமோ போகும் பாருங்க, 'இன்ன தேதியில் இன்ன தவறு செய்துள்ளீர், மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்'னு, அதெல்லாம் என் கையால எழுதுனது. அவங்க திருப்பி எழுதிக் குடுக்கற விளக்கத்தப் படிக்கிறதும் நான்தான். ஒரு நாளைக்கு எட்டு எழுதுவேன், எட்டு படிப்பேன். கணக்குப் போட்டுப் பாருங்க. கதை எழுதறவங்ககூட இவ்வளவு எழுத மாட்டாங்க.

நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க. இருங்க, இத முடிச்சிடறேன்.

அதோ பின்னாடி டிக்கெட் போட்டுக்கிட்டு வர்றாரே கண்டக்டர், அவர் பேரு குணசீலன். அவருக்கு நான் மொத மெமோ குடுத்து பத்து வருஷம் இருக்கும். நிறுத்தம் இல்லாத இடத்துல பஸ்ஸ நிறுத்தி, மாசமா இருந்த ஒரு பொண்ண இறக்கி விட்டிருக்காரு. விளக்கம் கேட்டேன். என்ன எழுதுனார் தெரியுமா? 'மழை. இறக்கினேன்.' அவ்வளவுதான். நான் விடல. இது விளக்கம் ஆகாது, விரிவா எழுதுங்கன்னு திருப்பிட்டேன். அப்புறம் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒண்ணு. மனுஷன் திருந்தவே இல்ல, எங்க யாரு கை காட்டுனாலும் நிறுத்திடுவாரு. ஆனா எழுத்து திருந்திடுச்சு சார். பதினோராவது மெமோவுக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தார். 'ஐயா, நிறுத்தம் என்பது பலகை நட்ட இடமா, ஆள் நிற்கிற இடமா'ன்னு ஆரம்பிக்குது. பிராஞ்ச் மேனேஜர் படிச்சுட்டுக் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டார். இன்னிக்கு அவர் சங்கத்துக்குச் செயலாளர். டிப்போ வாசல்ல நடக்கற கேட் மீட்டிங்ல முக்கால் மணி நேரம் பேசுறார். என்னைத் திட்டித்தான் பேசுறார், ஆனா ஒரு வாக்கியம் தடுக்கணுமே? தடுக்கல. நான் ஆபீஸ் ஜன்னல் பக்கம் நின்னு பெருமையா கேட்டுக்கிட்டு இருப்பேன்.

நான் எங்க போறேன்னு கேக்கறீங்களா? கேக்கல? சரி, நானே சொல்றேன். நெடுங்கரைப்பட்டி. வீட்டுல, அதான் என் சம்சாரம், அவங்க அண்ணன் வீட்டுக்குப் போய் நாப்பது நாளாச்சு. அழைச்சுக்கிட்டு வரணும். அதுக்கு ஒரு பதில் சொல்லணும். இன்னிக்குச் சாயங்காலத்தோட கெடு முடியுது. சொல்லலன்னா அவ வரமாட்டா. அவ்வளவுதான் விஷயம், பெருசா ஒண்ணும் இல்ல.

தண்ணி இருக்கா சார்? ஒரு வாய். வெயில் இல்ல, நாக்குதான் ஒட்டிக்குது.

என்ன நடந்துச்சுன்னு வரிசையா சொல்றேன். வரிசை முக்கியம். போன வருஷம் எங்க ஊர்க் கிளை நூலகத்துல வாசகர் வட்டம்னு வெச்சு என்னையப் பேசக் கூப்ட்டாங்க. தலைப்பு, 'தினசரி வாசிப்பும் எழுத்தும் தொடர்புத் திறனை வளர்க்கும் விதம்.' ஒரு மணி நாப்பது நிமிஷம் பேசினேன். ஆரம்பிச்சப்போ இருபத்திரண்டு பேர், முடிச்சப்போ ஏழு பேர். ஆழமான விஷயம்னா அப்படித்தான். வீட்டுக்காரியையும் கூட்டிக்கிட்டுப் போயிருந்தேன், முன் வரிசைல உக்காந்திருந்தா. முடிஞ்சதும் நூலகர் அம்மா வந்து, 'சார் பேச்சு எப்படி இருந்துச்சு'ன்னு இவளக் கேட்டாங்க. இவ சொன்னா, 'ம்'.

'ம்'னு சொன்னா சார். அத்தன பேருக்கு முன்னாடி.

இருபத்தேழு வருஷமா அவ்வளவுதான். ம், சரி, ஆமா, வெச்சிருக்கேன். நான் பாட்டுக்குக் காலைல ஏழுலருந்து எட்டரை வரைக்கும் நாட்டு நடப்பெல்லாம் எடுத்துச் சொல்லுவேன், சாயங்காலம் ஆபீஸ் நடப்பு. நடுவுல ஒரு 'ம்'. வீட்டுக்குள்ளயே வெச்சுக்கிட்டு இருபத்தேழு வருஷமா இத நான் கவனிக்கலையேன்னு எனக்கே வெக்கமா போச்சு. குணசீலனையே பேச வெச்ச கை இது. நம்ம வீட்டு மனுஷிய விட்டுட்டோமேன்னு முடிவு பண்ணினேன்.

மறுநாளே மொத மெமோ. ந.க. எண் ஒண்ணு, அதான் கோப்பு எண். பொருள்: 14ஆம் தேதி மாலைத் தேநீர் இருபது நிமிடம் தாமதமாக வழங்கப்பட்டது குறித்து விளக்கம் கோருதல். ரெண்டு காப்பி. ஒண்ணுல ஒப்புதல் கையெழுத்து வாங்கிக்கிட்டேன். சிரிக்காதீங்க சார், அதிகாரம் பண்ற எண்ணமே இல்ல. அவ முன்னேத்தத்துக்காக. டீ லேட்டானா எனக்கென்ன, நான் கடையில குடிச்சுக்குவேன்.

அவ வாங்கிப் படிச்சா. என் மூஞ்சியப் பாத்தா. திரும்பப் படிச்சா. மூணாம் நாள் விளக்கம் வந்துச்சு, கேலண்டர் தாளுக்குப் பின்னாடி. 'பால் திரிந்துவிட்டது.' 'மழை. இறக்கினேன்.' மாதிரியே இருக்கா? எனக்கு ஒரே சந்தோஷம். இப்படித்தானே குணசீலனும் ஆரம்பிச்சாரு! விரிவா எழுதுன்னு திருப்பிக் குடுத்தேன். அடுத்தது அரைப் பக்கம் வந்துச்சு. 'பால் திரிந்ததைச் சொல்ல வந்தேன். நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். பேச வேண்டாம் என்று கையைக் காட்டினீர்கள். நான் கடைக்குப் போனேன். கடை பூட்டியிருந்தது. அடுத்த தெருவுக்குப் போனேன். வரும்போது செருப்பு அறுந்தது.' பாருங்க, என்ன கோர்வை! செருப்பு அறுந்ததெல்லாம் அவ வாயத் தொறந்து எப்ப சொல்லியிருப்பா? எழுதுனதாலதானே வெளிய வந்துச்சு?

எழுத்து மட்டும் போதாதுன்னு நூலகத்துல சேத்து விட்டேன். வாரம் ரெண்டு புத்தகம். தினம் தலையங்கத்த வாய்விட்டுப் படிக்கணும். மொதல்ல முணுமுணுன்னு படிச்சா. ரெண்டாம் மாசம் சமையக்கட்டுலருந்து படிச்சா வாசல்ல கேக்கும். மூணாம் மாசம் சாப்பிடும்போது, 'இந்தப் புத்தகத்துல ஒரு பொம்பள வர்றா, அவ என்ன பண்றான்னா'ன்னு ஆரம்பிச்சா. நல்ல முன்னேத்தம்தான். ஆனா அது நான் ஆபீஸ் நடப்பு சொல்ற நேரம். 'எழுதி வெய்யி, படிக்கிறேன்'னேன். எழுதி வெச்சா. அப்புறம் ஒவ்வொரு புத்தகத்துக்கும் எழுதி வெச்சா. பதினெட்டு இருக்கு. ஒண்ணும் இன்னும் பாக்கல, ஃபைல்ல பத்திரமா இருக்கு.

அவ பேச ஆரம்பிச்சுட்டா சார். தெருக்குழாய் உடைஞ்சு எட்டு மாசம், நான் ஆறு மனு போட்டிருந்தேன், எல்லாம் முறைப்படி. இவ ஒரு நாள் நாலு பொம்பளைங்களக் கூட்டிக்கிட்டு நேரா போய், குடிநீர் அதிகாரிகிட்ட பத்து நிமிஷம் பேசியிருக்கா. மறுநாள் ஆள் வந்து குழாய மாத்திட்டுப் போறான். என் ஆறு மனுவும் போய் அஸ்திவாரம் போட்டு வெச்சிருந்ததாலதான் நடந்துச்சு, அது வேற. ஆனா பேசுனது அவதான். அப்புறம் தெருவுல யாருக்கு என்னன்னாலும் வீட்டுக்கு வந்துடுவாங்க. 'அக்கா, இத எப்படிக்கா கேக்கறது'ன்னு. இவ சொல்லிக் குடுப்பா. சிரிப்புச் சத்தம் கேக்கும். எங்க வீட்டுலருந்து சார், சிரிப்புச் சத்தம்! நான் உள்ள நுழைஞ்சா எல்லாரும் எழுந்து போயிடுவாங்க. மரியாதை.

எல்லாம் என் மெமோவால. அத நான் யாருகிட்டயும் சொல்லிக்கல. அவளுக்குத் தெரியும்.

நடுவுல மெமோவ நிறுத்தியிருக்கலாமேன்னு நீங்க நினைக்கறீங்க. மூஞ்சியிலயே தெரியுது. நிறுத்தக் கூடாது சார். பழக்கம் விட்டுப் போயிடும். நாப்பத்தி மூணு வரைக்கும் போயிருந்துச்சு. நாப்பத்தி நாலுலதான்...

அந்தத் தண்ணிய இன்னொரு வாய் குடுங்க.

நாப்பத்தி நாலாவது மெமோ. பொருள்: 11ஆம் தேதி காலை பத்து மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை முன்னறிவிப்பின்றி வீட்டில் இல்லாதது குறித்து. அன்னிக்கு நான் அரை நாள் லீவு போட்டு வந்தேன், வீடு பூட்டியிருக்கு, பத்து மணிக்கே போயிட்டாங்கன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. அவங்க திண்ணைல ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன். வந்தா. 'எங்க போன'ன்னு வாயால கேக்கலாம். கேட்டா அவ எழுதறது குறைஞ்சிடும். அதனால மெமோ போட்டேன்.

அதுக்கு வந்த விளக்கம் எனக்கு மனப்பாடம். கேளுங்க.

'ஐயா, 11ஆம் தேதி நான் மருத்துவமனையில் இருந்தேன். மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. இதை 8ஆம் தேதி காலை ஏழு பத்துக்கு உங்களிடம் சொல்ல வந்தேன். உடம்புக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். பேப்பரை இறக்காமல், எழுதிக் கொடு என்றீர்கள். அன்று மாலையே எழுதிக் கொடுத்தேன். 9ஆம் தேதி அது திரும்பி வந்தது. பொருள் குறிப்பிடப்படவில்லை, உரிய முறையில் மீண்டும் சமர்ப்பிக்கவும் என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். நான் மீண்டும் சமர்ப்பிக்கவில்லை. தனியாகப் போனேன். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று டாக்டர் கேட்டார். யாரும் இல்லை என்றேன். ஊசி குத்திச் சோதனைக்கு எடுத்தார்கள். முடிவு நேற்று வந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். 11ஆம் தேதி உங்களுக்குச் சாப்பாடு தாமதமானதற்கு வருந்துகிறேன்.'

அவ்வளவுதான் சார்.

அப்படிப் பாக்காதீங்க. அது எங்க செக்‌ஷன் நடைமுறை. ஒரு தபால் வந்தா மொதல்ல அமைப்பப் பாக்கணும். தேதி இருக்கா, பொருள் இருக்கா, கையெழுத்து இருக்கா. பொருள் இல்லன்னா உள்ள படிக்கவே கூடாது, திருப்பிடணும். இல்லன்னா வர்ற தபாலுக்கு விடிய விடிய படிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். பொருள்னு போட்டு 'கட்டி குறித்து'ன்னு ஒரு வரி எழுதியிருந்தா நான் விட்டிருப்பேனா? சொல்லுங்க. விட்டிருப்பேனா?

அந்த விளக்கத்தப் படிச்சதும் எனக்குக் கை கால் ஆடிப்போச்சு. பொய் சொல்லல. அவ சமையக்கட்டுல நின்னுக்கிட்டு இருந்தா, முதுகு தெரிஞ்சுது. பாத்திரம் விளக்கற சத்தம் நின்னு போச்சு. நான் ஏதாவது சொல்லுவேன்னு நின்னுருக்கா போல. இருபத்தாறு வருஷத்துல ஒரு விளக்கத்தப் படிச்சுட்டு எனக்கு இப்படி ஆனதே இல்ல. ஆடிப்போச்சுன்னு எந்தக் கட்டத்துல எழுதறது? எங்க ஃபாரத்துல அதுக்கு இடம் இல்லையே.

அதனால பேனாவ எடுத்தேன். பழக்கம். 'விளக்கம் ஏற்கப்பட்டது. இனிவரும் காலங்களில் கவனமாக நடந்துகொள்ளுமாறு எச்சரிக்கப்படுகிறார். கோப்பு முடிக்கப்படுகிறது.' எழுதிக் கையெழுத்துப் போட்டு அவகிட்ட நீட்டினேன். ஏற்கப்பட்டதுன்னா நல்ல விஷயம் சார். குணசீலன்கிட்ட கேட்டுப் பாருங்க, ஏற்கப்பட்டதுன்னு வாங்க அவனவன் தவம் கிடப்பான். எச்சரிக்கப்படுகிறார்ங்கறது சும்மா, கோப்ப முடிக்கிற எல்லா உத்தரவுலயும் வர்றது.

அவ ஈரக் கையத் துடைச்சுக்கிட்டு வாங்கினா. ரெண்டு தடவை படிச்சா. ஒப்புதல் கையெழுத்துப் போட்டா. அப்புறம் ஊறப் போட்டிருந்தத அரைச்சு, மறுநாளைக்கு இட்லி மாவு கரைச்சு வெச்சா. காலைல எழுந்து இட்லி ஊத்தி, சட்னி அரைச்சு மூடி வெச்சுட்டுப் போயிட்டா. நாலு புடவையும், நூலக அட்டையும், பேனாவும் எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

அண்ணன் வீட்டுல மாவு மில் வெச்சிருக்காங்க, ரோட்டு மேலயே. நான் ஏழு கடிதம் போட்டேன். நாலு பக்கம், ஆறு பக்கம். பதிலே இல்ல. எங்க பொண்ணு ஓசூர்லருந்து போன் பண்ணி, 'அம்மாகிட்ட என்னப்பா பேசுனீங்க'ன்னு கேட்டுச்சு. 'பேசல கண்ணு, எழுதுனேன்'னேன். வெச்சிடுச்சு.

திங்கக்கிழமை அவகிட்டருந்து ஒரு கவர் வந்துச்சு. இந்தாங்க, சட்டைப் பையிலதான் இருக்கு. நீங்களே பாருங்க. வேண்டாம், குலுங்குது, நான் படிக்கிறேன்.

'பொருள்: நான் வீடு திரும்புவது குறித்து. உங்கள் ஏழு கடிதங்களும் கிடைத்தன. அமைப்பில் குறை இல்லை. நான் கேட்க நினைத்தது மட்டும் அவற்றில் இல்லை. இக்கடிதம் கிடைத்த மூன்று நாட்களுக்குள் நேரில் வந்து, கையில் தாள் இல்லாமல், வாயால் சொல்லவும். என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதித் தரமாட்டேன். தவறினால், சொல்வதற்கு உங்களிடம் எதுவும் இல்லை என்று கருதி முடிவு எடுக்கப்படும். தையல்நாயகி.'

கடைசி வரி என்னோடது சார். என் மெமோ எல்லாத்துலயும் கடைசி வரி அதுதான். குறை சொல்ல ஒரு இடம் இருக்கா பாருங்க. நானும் மூணு நாளா தேடுறேன்.

நேத்தும் வந்தேன். முந்தா நாளும் வந்தேன். இதே பஸ், இதே குணசீலன். முந்தா நாள் கைகாட்டி நிறுத்தத்துல இறங்கி அரை மைல் நடந்தேன். மில்லுக்கு எதிர்த்தாப்ல ஒரு மரம், அங்க நின்னேன். அவ வாசல்ல உக்காந்து பொம்பளைங்களோட பேசிக்கிட்டிருந்தா. மில்லு ஓடுற சத்தத்துல என்ன பேசுறான்னு கேக்கல. கைய ஆட்டி ஆட்டிப் பேசுறா. எல்லாரும் வாயப் பாத்துக்கிட்டு இருக்காங்க. இவ எப்ப சார் கைய ஆட்டிப் பேசக் கத்துக்கிட்டா? நின்னு பாத்துட்டு அடுத்த பஸ்ஸப் புடிச்சு வந்துட்டேன்.

நேத்து உள்ள போயிட்டேன். 'வாங்க'ன்னா. சொம்புல தண்ணி குடுத்தா. எதிர்ல உக்காந்தா. மச்சான் மில்ல நிறுத்திட்டு வெளிய போயிட்டாரு. அவ உக்காந்து என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருக்கா. ஒரு 'ம்'கூட சொல்லல. அவ்வளவு நேரம் ஒருத்தர் பேசாம என்னையப் பாத்ததே இல்ல சார். எனக்கு வேர்த்துப் போச்சு. நான் ஒரு சின்னக் குறிப்பு வெச்சிருந்தேன், பதினோரு பக்கம்தான். கை தானா பைக்குள்ள போச்சு. தாள எடுத்தேன். எழுந்து உள்ள போயிட்டா. கோவமெல்லாம் இல்ல. ரேஷன்ல சரக்கு இல்லன்னு சொன்னா எழுந்து போற மாதிரி எழுந்து போயிட்டா.

இன்னிக்குக் குறிப்பு கிடையாது. பையில இருக்கு, ஆனா எடுக்க மாட்டேன். உங்ககிட்டச் சொல்லிப் பாத்துக்கறேன், அதுக்குத்தான் இவ்வளவும். 'தையலு, நடந்தது என்னவென்றால், அலுவலக நடைமுறைப்படி...' இல்ல, இப்படி ஆரம்பிக்கலாமா? 'மேற்படி 9ஆம் தேதிச் சம்பவம் தொடர்பாக...' எப்படி இருக்கு சார்? ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்தவன் நான். ஒரு டிரைவரு மாட்டு மேல மோதிட்டு அழுதுக்கிட்டு வந்தான், மாடே வந்து மன்னிப்புக் கேக்கற மாதிரி விளக்கம் எழுதிக் குடுத்தேன். எனக்கு வரமாட்டேங்குது. வாயத் தொறந்தா 'பொருள், பார்வை'ன்னு ஆபீஸ் கடிதம்தான் வருது. பயமா இருக்கு சார். இன்னிக்கும் வரலன்னா அவ முடிவு எடுத்துடுவா. அவ எழுதுனா எழுதுனதுதான். நான்தானே பழக்குனேன்.

என்னது? என்ன கேட்டீங்க?

'அன்னிக்குப் பயமா இருந்துச்சான்னு அவங்களக் கேட்டீங்களா?'ன்னா?

இல்ல, அவதான் எழுதியிருக்காளே, பயப்பட ஒன்றுமில்லைன்னு. அது... அது டாக்டர் சொன்னது. ஆமா. டாக்டர் சொன்னதத்தான் எழுதியிருக்கா. அவளுக்கு எப்படி இருந்துச்சுன்னு அதுல இல்ல. எட்டாம் தேதிலருந்து முடிவு வர்ற வரைக்கும் அவ எப்படி... சமைச்சா. எனக்கு டீ போட்டா. நான் ஆபீஸ் நடப்பு சொன்னேன். 'ம்'னு கேட்டுக்கிட்டா.

நான் கேக்கல சார்.

இருங்க, இத எழுதிக்கறேன், மறந்துடும். பேனா இருக்கா? இல்ல, வேண்டாம். வேண்டாம் வேண்டாம். சின்ன வாக்கியம்தான். ஏறி உக்காந்ததுலருந்து நீங்க பேசுனது இந்த ஒரு வாக்கியம்தான், அதையே நான் எழுதி வெச்சுக்கணும்னா அப்புறம் என்ன.

குணசீலன், என்ன? கைகாட்டி தாண்டிடுச்சா? நான் இறங்கணுமே! என்ன சொல்றீங்க? ரெண்டு நாளா கைகாட்டிலருந்து நடந்து போயே மனசு மாறித் திரும்பி வந்துடறேனா? மில்லு வாசல்லயே நிறுத்தறீங்களா? அங்க நிறுத்தம் கிடையாது குணசீலன், உங்களுக்கே தெரியும், பதினோரு தடவை... மெமோ குடுக்கறதுன்னா குடுத்துக்கணுமா? சரி. சரிப்பா. மெதுவா நிறுத்தச் சொல்லுங்க, எழுந்துக்கறேன்.

சார், இந்தப் பைய வெச்சுக்குங்க. அந்தப் பதினோரு பக்கம்தான் இருக்கு. கையில இருந்தா எடுத்துடுவேன், என்னைய நம்ப முடியாது. படிக்க வேண்டாம், உங்க புத்தகத்தப் படிங்க. நூத்திப் பன்னெண்டாம் பக்கம்.

நின்னுடுச்சு. வாசல்லதான் உக்காந்திருக்கா. நம்ம பஸ்ஸு இங்க எதுக்கு நிக்குதுன்னு பாக்கறா. என்னையப் பாத்துட்டா.

விசில் குடுக்காதீங்க குணசீலன், ஒரு நிமிஷம்.

தையலு, பயமா இருந்துச்சா உனக்கு?

இல்ல சார், உங்களக் கேக்கல. சொல்லிப் பாத்தேன். இறங்குறேன்.